பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் கோவை சண்முகம் செட்டியார்

சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் உருவாகக் காரணமானது 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸில் நடந்த மாநாடு ஆகும். 44 நாடுகள் கலந்துகொண்டன. இந்தியா அப்போது அடிமை நாடு. எனவே இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேயர். குழுவில் இருந்த இந்தியர்களில் ஒருவர், 1892ல் கோயம்புத்தூரில் பிறந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

இரண்டாம் உலகப்போருக்காக இந்தியாவில் பொருட்களை வாங்கிய பிரிட்டன், அதற்கான தொகையை லண்டனில் கடனாக எழுதி வைத்தது. போர் முடிவில் இக்கடன் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. இதில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ள நிதியம் உதவ வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் இதை ஏற்கவில்லை.

எனினும் நிதியத்தில் இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு கிடைத்தது. பங்கு வரிசையில் இது ஆறாவது இடம். சோவியத் யூனியன் சேராததால் இந்தியா ஐந்தாவது இடத்துக்கு வந்து, நிர்வாகக் குழுவில் தனக்கென ஓர் இயக்குநரை நியமிக்கும் உரிமையைப் பெற்றது.

1947ல் சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். 1948ல் லண்டன் சென்று அதே கடன் பாக்கி குறித்து பிரிட்டனுடன் பேசியவரும் அவரே. அன்று ஆங்கிலேயர் தலைமையில் கேட்டதை, இம்முறை சொந்த நாட்டின் அமைச்சராக நேருக்கு நேர் கேட்டார்.