மரமேறும் வண்டும் தரைவாழ் வண்டும்

நிலவின் படத்தில் 'ட்ரூவெலோ' என்றொரு பள்ளத்தைக் காணலாம். வானப் பொருள்களை அழகிய ஓவியங்களாகத் தீட்டிய பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயர் அது. அமெரிக்கக் காடுகளுக்கு நேர்ந்த பெருந்துன்பத்துக்கும் அவரே காரணர் என்றால் வியப்பாக இல்லையா?

பட்டு ஆய்வுக்காக அவர் ஐரோப்பாவிலிருந்து ஜிப்ஸி அந்துப்பூச்சியை மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்டு நகருக்குக் கொண்டு வந்தார். 1868-69 வாக்கில் சில புழுக்கள் தப்பிவிட்டன. 1889-இல் அந்நகரின் மரங்கள் இலையின்றி மொட்டையாக நின்றன. புழுக்கள் வீடுகளுக்குள்ளும் ஊர்ந்தன. மாநில அரசு 1890-இல் தொடங்கிய ஒழிப்பு வேலை 1900-இல் நின்றது. பூச்சி மீண்டும் பெருகியது.

புழு தின்னும் வண்டு அந்நாட்டிலேயே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 'கலோசோமா கலிடம்' என்னும் அந்தக் கருவண்டின் இறக்கை உறையில் பொன்னிறக் குழிகள் வரிசையாக மின்னும். ஆனால் அது பெரும்பாலும் தரையிலேயே இரை தேடும்; மரம் ஏறுவது அரிது. ஜிப்ஸிப் புழுவோ மரத்தில் வாழ்வது!

ஐரோப்பாவில் இதன் உறவினமான 'கலோசோமா சிக்கோஃபாண்டா' இருந்தது. பச்சையும் பொன்னும் கலந்து பளபளக்கும் இவ்வண்டு மரமேறி வேட்டையாடும். இதன் இளம்புழுவும் அவ்வாறே. அவ்விளம்புழு சுமார் இரண்டு வாரத்தில் ஐம்பது புழுக்கள் வரை தின்றுவிடும். வண்டு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, நூற்றுக்கணக்கான புழுக்களை உண்ணும். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் உறங்கும்.

1905 முதல் இவ்வண்டுகள் கப்பலில் வந்தன. அவற்றை வளர்த்துக் காட்டில் விட்ட பர்ஜஸ் என்னும் பூச்சியியலார், அவை அங்கே நிலைபெற்ற செய்தியை 1911-இல் நூலாக வெளியிட்டார்.

அத்துடன் தொல்லை தீர்ந்ததா? இல்லை. 1981-இல் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் ஏக்கர் மரங்கள் இலையிழந்தன. புழு பெருகிய பின்னரே வண்டும் பெருகுகிறது. ஆகவே அது பெருக்கத்தைத் தணிக்கலாம், வராமல் தடுக்க இயலாது. 1989-இல் ஒருவகைப் பூஞ்சையும் இப்புழுக்களைப் பெருமளவில் கொன்றது தெரிய வந்தது.

ஒரே பேரினம், ஒரே உணவு. எனினும் வேட்டையாடும் இடம் வேறு. ஓர் உயிரைத் துணைக்கு அழைக்குமுன், அது என்ன தின்னும் என்பதோடு எங்கே தின்னும் என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?