இதயச் செயலிழப்பில் உடலியக்கம்: ஊவா மலைத் தோட்டங்கள்

இதயம் நின்றுபோவதல்ல, உடலுக்கு வேண்டிய இரத்தத்தை இறைக்கத் திணறுவதே இதயச் செயலிழப்பு. ஒருகாலத்தில் இதற்குப் படுக்கை ஓய்வையே விதித்தார்கள். இன்று, நோய் கட்டுக்குள் இருப்பவர்களை மருத்துவர்கள் நடக்கச் சொல்கிறார்கள். 2,331 பேரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ‘ஹெச்எஃப்-ஆக்‌ஷன்’ ஆய்வில், முறையான பயிற்சி பாதுகாப்பானது என்று தெரிந்தது. இறப்பைத் தள்ளிப்போடுவதில் கண்ட பலன் சிறியதே.

சமதரைக்கு எழுதிய அறிவுரை இலங்கையின் ஊவாவிலுள்ள பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அப்படியே பொருந்தாது. லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலைத் தாண்டினால் ஏற்றம்தான். கொழுந்துக் கூடையோடு ஆண்டுக்கணக்கில் மலையேறியவரிடம் ‘உடற்பயிற்சி’ என்றால் சிரிப்பார், சிரிப்பில் நியாயமுண்டு. ஆனால் சுமையோடு மூச்சைப் பிடித்து ஏறுவது வேறு. தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களம் போன்ற மட்டமான இடத்தில் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, மருத்துவரைக் கேட்டு மெல்லக் கூட்டுவது வேறு. நடக்கும்போது பேச முடியவேண்டும்; அதுவே அளவு.

இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ நடையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போகவேண்டும். கொழுந்தை நாள்தோறும் நிறுக்கும் இடத்தில் ஆளை நிறுக்கத் தராசு எல்லா வீட்டிலும் இராது. தராசு இல்லாதவர்கள் கால் வீங்கிச் செருப்பு வார் இறுகுவதைக் கவனிக்கலாம்.