கரிசலில் ஒரு மழை ராகம்

மதுரையிலிருந்து எட்டயபுரத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாகச் சுற்றும். மற்றது அருப்புக்கோட்டையையும் பந்தல்குடியையும் தொட்டு நேராகத் தெற்கே இறங்கும். எதில் போனாலும் இன்றைய விருதுநகர் மாவட்டத்தைக் கடக்காமல் எட்டயபுரம் சேர முடியாது. நீண்ட இந்தப் பயணத்தில் பெரும்பகுதி கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் காலைப் பிடித்து இழுக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரம் போனபோது இந்த மண்ணைத்தான் கடந்தார். திருவாரூரில் 1775-இல் பிறந்து, காவிரிப் பாசனத்தின் பச்சையைப் பார்த்து வளர்ந்தவர். தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்தார். தம்பியைத் தேடிப் போகும் வழியில், பயிர் கருகி, ஆடுமாடுகள் நாக்கு வறண்டு நிற்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அம்பிகையை வேண்டி அமிர்தவர்ஷிணி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ என்ற கீர்த்தனையைப் பாடினார் என்பது இசை உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பாட்டுக்கு மழை கொட்டியது. வெள்ளமாகிவிடும் என்று ஊர் பயந்தபோது, பொழியச் சொன்ன சொல்லை மாற்றி நிற்கச் சொல்லிப் பாடினார், மழை நின்றது என்றும் கதை தொடரும். சம்பவம் சாத்தூர்ப் பக்கம் நடந்தது என்பார் உண்டு. எட்டயபுரத்து எல்லையில் என்பாரும் உண்டு.

இதை வரலாறாக எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தீட்சிதர் பரம்பரையின் பெரும் ஆவணம் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’. பாலுசாமியின் மகள்வழிப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் தொகுத்து, எட்டயபுரத்திலேயே வித்யா விலாசினி அச்சகத்தில் 1904-இல் வெளிவந்த நூல் அது. தீட்சிதரின் கீர்த்தனைகள் இருநூற்றுக்கும் மேல் அதில் சுரப்படுத்தப்பட்டிருக்கின்றன. ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ அதில் இல்லை. மழை பெய்ததாகச் சொல்லப்படும் சீமையில் அச்சான நூலிலேயே மழைப் பாட்டு இல்லை என்பது ஆராய்ச்சியாளர்களை யோசிக்க வைத்த விஷயம்.

ஆனாலும் கதை எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தீட்சிதர் காசியில் இருந்தவர், காஞ்சிபுரத்தில் இருந்தவர், தஞ்சையில் வாழ்ந்தவர். அந்த ஊர்களிலெல்லாம் மழைக் கதை பிறக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்துவிட, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பிக் கிடக்கும் வானம் பார்த்த சீமையில்தான் பிறந்தது. கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்து நிற்கிறவர்களுக்கு, ஒரு ராகத்திடம் கேட்பதற்கு வேறென்ன இருந்திருக்கும்?

அந்த ராகத்தின் சுரங்களை எடுத்துப் பார்க்கலாம். அமிர்தவர்ஷிணியில் ரிஷபமும் தைவதமும் கிடையாது. ஷட்ஜம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், பஞ்சமம், காகலி நிஷாதம் என்று ஐந்தே சுரங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அவையே. இன்றைய வழக்கில் 66-ஆவது மேளமான சித்ராம்பரியின் ஜன்யமாகச் சொல்கிறார்கள். சுரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் பாட்டு தாவித் தாவிப் போகும். பிரதி மத்யமம் பஞ்சமத்தையும், நிஷாதம் மேல் ஷட்ஜத்தையும் உரசிக்கொண்டு நிற்பதால் ஒரு மினுமினுப்பு வரும். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘சுதாமயி’யைக் கேட்டவர்களுக்கு அந்தத் துள்ளல் தெரியும்.

துள்ளல் சரி, அதில் மழை எங்கே இருக்கிறது? வடக்கே மழைக்குரிய ராகம் மேக், அதை ஒட்டிய மல்ஹார்கள். தான்சேன் தீபக் ராகம் பாடி விளக்கேற்றியதாகவும், அந்த வெப்பத்தை மல்ஹார் பாடித் தணித்ததாகவும் அங்கே ஒரு கதை. மேக் ராகத்தையும் அமிர்தவர்ஷிணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஷட்ஜமும் பஞ்சமமும் தவிர ஒரு சுரம்கூடப் பொதுவில்லை. ஒன்றில் ரிஷபம் முக்கியம், மற்றதில் ரிஷபமே இல்லை. ஒன்றில் சுத்த மத்யமம், மற்றதில் பிரதி மத்யமம். நிஷாதமும் வேறு வேறு. எந்தக் கதவைத் தட்டினாலும் மழை வருகிறது என்றால், கதவில் எதுவும் இல்லை, தட்டுகிறவரிடம்தான் இருக்கிறது. 1988-இல் ‘அக்னி நட்சத்திரம்’ படத்துக்காக இளையராஜா ‘தூங்காத விழிகள் ரெண்டு’ பாடலை இதே அமிர்தவர்ஷிணியில் அமைத்தார். கேட்கிறவர் மனதில் மழை பெய்வதில்லை. தூக்கம் தொலைந்த இரவும் காதலின் தவிப்பும்தான் நிறைகின்றன.

தமிழ்ப் பண்களிலும் மழைக்கென ஒன்று உண்டு: மேகராகக் குறிஞ்சி. திருஞானசம்பந்தரின் திருவையாற்றுப் பதிகம் ஒன்று இந்தப் பண்ணில் அமைந்தது. வலம் வரும் பெண்கள் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அதை இடி என்று நினைத்து மிரண்ட மந்திகள் மரமேறி மேகத்தைத் தேடுகின்றன என்று அதில் ஒரு காட்சி வரும். அந்தப் பண்ணை இன்று ஓதுவார்கள் நீலாம்பரி ராகத்தில் பாடுகிறார்கள். நீலாம்பரியோ கச்சேரி மேடையிலும் வீட்டிலும் தாலாட்டு ராகம். கோயில்களில் பள்ளியறைச் சேவைக்கு நாகசுரத்தில் வாசிப்பது. குழந்தையைத் தூங்க வைக்கும் அதே சுரங்கள் வானத்தை எழுப்பவும் பயன்படுகின்றன.

விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே தமிழின் மிகப் புகழ்பெற்ற மழைப் பாட்டு ஒன்று பிறந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் நான்காம் பாசுரம் முழுக்க மழை வேண்டல்தான். கடலுக்குள் புகுந்து நீர் முகந்து ஏறி, திருமால் மேனி போல் கறுத்து, சக்கரம் போல் மின்னி, சங்கு போல் அதிர்ந்து, அம்பு மழையாகப் பொழியச் சொல்கிறாள் ஆண்டாள். மேகம் உருவாகும் வரிசை பிசகாமல் வருவதைப் பார்த்தால், மலையடிவாரத்து ஊரில் மேகங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் என்று தோன்றும். அந்த ஊர்க் கோயிலில் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. கச்சேரி மேடைக்குத் திருப்பாவை முப்பதையும் ராகம் பிரித்துத் தந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முதல் பாசுரத்துக்கு நாட்டை, மூன்றாவதுக்கு ஆரபி என்று வைத்தவர் மழைப் பாசுரத்துக்கு அமிர்தவர்ஷிணியைத் தேடிப் போகவில்லை. வராளி வைத்தார். குரு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் சீடனோடு உறவு கெடும் என்று சங்கீதக்காரர்கள் நம்பி வந்த ராகம் அது. கனமும் இரக்கமும் கலந்தது. கொண்டாட்டமாகத் தோன்றும் பாசுரத்துக்குள் ஒரு கெஞ்சல் இருப்பதை அரியக்குடி கேட்டிருக்கிறார். கரிசலில் நின்று அந்தப் பாசுரத்தைக் கேட்டால் அவர் தேர்வு எவ்வளவு சரி என்பது விளங்கும்.

கோயிலுக்கும் கச்சேரிக்கும் வெளியே, ஊர்ச்சனங்கள் மழையைக் கேட்ட விதம் இன்னும் கடுமையானது. மழை பொய்த்த வருஷங்களில் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். இழவு வீட்டில் பாடும் அதே மெட்டு. உச்சத்தில் தொடங்கி விம்மி விம்மித் தரையிறங்கும். வீடு வீடாகக் கஞ்சி வாங்கி ஊற்றிக் குடிக்கும் மழைக்கஞ்சியும் இதே துக்கத்தின் பகுதிதான். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சம் போன்ற காலங்களை அனுபவித்த மண்ணில், மழையை அழுது கேட்பதுதான் இயல்பு. சாஸ்திரம் அறிந்தவர்கள் எவரும் மழைக்கென எழுதிவைக்காத மெட்டு இது. ஆனால் அமிர்தவர்ஷிணியைவிட அதிகமான வாய்கள் இதைத்தான் பாடியிருக்கும்.

சாஸ்திரமில்லாத இடத்தில் ராகம் இல்லாமல் போகவில்லை. எட்டயபுரத்துக்கு அக்கம்பக்கம் விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்பசுவாமி இருந்தார். சாகித்தியத்தை விட்டுவிட்டு ராகத்தை மட்டும், அதிலும் கரகரப்பிரியாவை, விரித்துக்கொண்டே போவதில் பெயர் பெற்றவர். கோவில்பட்டியில் வாழ்ந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் அவரைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியின் நாகசுரம் சேர்ந்த ஆபேரி, அந்த ராகத்தைத் தமிழ்நாட்டின் டீக்கடை வரைக்கும் கொண்டு போனது. கரிசலுக்கு விருப்பமான ராகம் எது என்று கேட்டால் மழை ராகத்தை அல்ல, கரகரப்பிரியாவையும் ஆபேரி முதலிய அதன் பிள்ளைகளையும்தான் சொல்ல வேண்டும். நாட்டுப்புற மெட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுரங்கள் அவை.

நிலத்துக்கும் இசைக்கும் முடிச்சுப் போடுவது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. பின்வந்த உரைகாரர்கள் முல்லைக்குச் சாதாரி, பாலைக்குப் பஞ்சுரம் என்று பண் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் கார்காலம் முல்லைக்குரியது. வறண்ட பாலைக்கு மழைப் பண் கிடையாது. மழை இல்லாத நிலத்தில் மழை ராகக் கதையை ஊன்றியது பிற்காலத்து ஆசை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மண்ணின் ஆசையே இரண்டாகப் பிரிந்தது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. விருதுபட்டி விருதுநகர் ஆனதும் அதே ஆண்டில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாசு ஆலைகள் எழுந்தன. விவசாயத்தைக் கெடுத்த வறட்சியே இந்தத் தொழிலுக்கு முதலாயிற்று. குச்சி காய வேண்டும், திரி காய வேண்டும், மருந்து அடைத்த குழாய்கள் காய வேண்டும். எல்லாவற்றுக்கும் சூரியன் இலவசமாகக் கிடைத்தது. ஈரம் இங்கே வேலையை நிறுத்துவதோடு போவதில்லை, ஆபத்தும்கூட. அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மேகம் கறுத்தால் ஒரு தெருவில் விதைப்பெட்டியை எடுப்பார்கள், அடுத்த தெருவில் காயப்போட்டதை வாரிக் கட்டுவார்கள். ஒரே குடும்பத்திலேயே மாமனார் மானாவாரி நிலத்தையும் மருமகள் பட்டாசு ஆலையையும் நம்பியிருக்கும் வீடுகளில் வானத்திடம் எதைக் கேட்பது?

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிப்போனபோது, இந்து சமய அறநிலையத் துறை கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்து வரை நீர் நிரப்பி வழிபடவும், மேகராகக் குறிஞ்சியில் சம்பந்தரின் மழைப் பதிகம் ஓதவும், நாகசுரம், வயலின், வீணை முதலிய கருவிகளில் அமிர்தவர்ஷிணி, மேகவர்ஷிணி, கேதாரி, ஆனந்தபைரவி, ரூபகல்யாணி ராகங்களை வாசிக்கவும் அது சொன்னது. கரிசல் காட்டுக் கதையில் வந்த ராகம் அரசுக் கோப்பில் முதல் பெயராக ஏறியிருந்தது. ராகம் பாடினால் மழை வருமா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. எந்த ஊரில் யார் அந்த ராகத்தை எதற்காகக் கேட்டார்கள் என்பது அந்த விவாதங்களில் இடம் பெற்றிருக்க வேண்டிய கேள்வி.

தீட்சிதர் எட்டயபுரத்திலேயே 1835-இல் காலமானார். அன்று நரக சதுர்த்தசி, தீபாவளி. ‘மீனாக்ஷி மே முதம்’ என்ற கமகக்கிரியா ராகக் கீர்த்தனையைச் சீடர்கள் பாட, அதைக் கேட்டபடியே உயிர் பிரிந்தது என்பார்கள். ஆண்டுதோறும் தீபாவளியன்று இசைக்காரர்கள் அவரை நினைத்துப் பாடுகிறார்கள். சிவகாசியின் பருவம் முடிவதும் அன்றுதான். ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருக்கும், காயப்போட எதுவும் இருக்காது. புரட்டாசியில் விதைத்த மானாவாரிப் பயிருக்கு ஐப்பசி கார்த்திகை மழை கட்டாயம் வேண்டும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் மாவட்டம் முழுவதற்கும் மழை வேண்டியிருக்கிறது.