ஆட்டைக் கணக்கிட்ட அனுமதியும் ஏக்கரைக் கேட்கும் குத்தகையும்: நவாஹோ நில ஆவணச் சிக்கல் குறித்து

அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 27,000 சதுர மைல் பரந்து கிடக்கிறது அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ தேசம். அங்கே வீட்டுமனைக் குத்தகைக்கு விண்ணப்பிப்பவருக்கு அதிகபட்சம் ஒரு ஏக்கர் கிடைக்கும். அதற்கு, சுற்றிலும் அரை மைல் தொலைவுக்குள் மேய்ச்சல் அனுமதி வைத்திருப்போரின் சம்மதம் வேண்டும். அரை மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் உள்ளே அடங்குவது சுமார் 500 ஏக்கர். அதில் ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் கோப்பு நகராது. சம்மதம் கிடைத்தபின் தொல்லியல் ஆய்வு, உயிரினச் சூழல் ஆய்வு, நில அளவையரின் வரைபடம் என்று வேலை நீளும்.

இந்தத் தாமதத்துக்கு வாஷிங்டனின் பிடியே காரணம் என்பது பரவலான கருத்து. அதில் உண்மை இருக்கிறது. பெரும்பகுதி நிலத்தின் உரிமை அமெரிக்க அரசின் பொறுப்பில் இருக்கிறது. நவாஹோ மக்களுக்கு இருப்பது அனுபோகம். 1923இல் நவாஹோ கவுன்சில் அமைக்கப்பட்டதே எண்ணெய்க் குத்தகைகளுக்கு ஒப்புதல் தர ஓர் அமைப்பு தேவைப்பட்டதால்தான். 1964ஆம் ஆண்டின் நிலக்கரிக் குத்தகை டன்னுக்கு அதிகபட்சம் 37.5 சென்ட் உரிமத்தொகை தந்தது. 1984இல், அமெரிக்கப் பழங்குடி விவகாரங்களைக் கவனிக்கும் இந்திய விவகாரப் பணியகத்தின் வட்டார இயக்குநர் அதை 20 விழுக்காடாக உயர்த்தத் தீர்மானித்தார். குத்தகையை வைத்திருந்த பீபாடி நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1985இல் உள்துறைச் செயலர் டொனால்டு ஹோடல் அதன்மேல் முடிவெடுப்பதை நிறுத்திவைத்தார். நவாஹோ தேசம் 12.5 விழுக்காட்டுக்கு இறங்கிவர நேர்ந்தது. அதற்கு இழப்பீடு கோரிய வழக்கையும் 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இதைவிட வெளிப்படையான அநீதியைக் காட்டுவது கடினம்.

ஆனால் 2000ஆம் ஆண்டின் சட்டம், வணிகக் குத்தகைகளையும் வேளாண் குத்தகைகளையும் உள்துறைச் செயலரின் ஒப்புதல் இல்லாமலே தன் விதிகளின்படி வழங்கும் அதிகாரத்தை நவாஹோ தேசத்துக்குத் தந்தது. பிற பழங்குடிகளுக்கும் 2012இல் இவ்வழி திறந்தது. கையெழுத்திடும் அதிகாரம் நவாஹோ தலைநகர் விண்டோ ராக்குக்கு வந்த பிறகும் சிக்கல் அவிழவில்லை. காரணம், முடிச்சு விழுந்திருப்பது குத்தகைப் பத்திரத்தில் அல்ல; மேய்ச்சல் அனுமதியில்.

1930களில் ஜான் காலியர் பணியக ஆணையராக இருந்தபோது, மண் அரிப்பைக் காரணம் காட்டி நவாஹோ மக்களின் ஆடுகளும் குதிரைகளும் பெருமளவில் ஒழிக்கப்பட்டன. நிலம் மேய்ச்சல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு அனுமதிச் சீட்டுகள் வந்தன. சீட்டின் அளவுகோல் ஆடு: மாடு ஒன்றுக்கு நான்கு ஆடுகள், குதிரை ஒன்றுக்கு ஐந்து. இன்ன வட்டாரத்தில் இத்தனை ஆட்டுக்கணக்கு என்று சொல்லும் அந்தச் சீட்டில் நான்கெல்லை கிடையாது. தாய்வழியில் கைமாறிவந்த மேய்ச்சல் நிலங்களுக்கான சீட்டுகள் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. ஆக, ஆவணம் பிறந்தபோதே இரண்டு பிழைகளோடு பிறந்தது. நிலத்தின் எல்லை அதில் இல்லை. நிலத்தை ஆண்டவளின் பெயரும் பல இடங்களில் இல்லை.

குத்தகை கேட்பதோ அளந்த நிலத்தை. எல்லையே குறிக்கப்படாத உரிமைக்கு எந்தக் கருவியும் எல்லை காட்டாது. செயற்கைக்கோள் துணையோடு மனையின் நான்கு மூலைகளையும் துல்லியமாகக் குறித்துவிடலாம். அந்த மூலை யாருடைய மேய்ச்சலுக்குள் விழுகிறது என்பதைக் குறிக்க முடியாது. அளவைக்கு நிதி ஒதுக்கிவிட்டால் போதும் என்ற நிர்வாக நம்பிக்கை இங்கேதான் தவறுகிறது.

தனிப்பட்டா கொடுத்துவிடலாம் என்போருக்குக் கிழக்குப் பகுதியே பதில். அங்கே 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டத்தின் வழியில் தனிநபர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. தலைமுறைதோறும் வாரிசுகள் பெருக, நிலம் பிரிக்கப்படாமல் பங்குகள் மட்டும் சிதறின. ரயில் நிறுவனத்துக்குப் போன நிலம், மாநில நிலம், கூட்டாட்சி நிலம், ஒதுக்கீட்டு நிலம் எல்லாம் அடுத்தடுத்துக் கட்டங்களாகக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட தனிநபர் நிலக் கணக்குகளின் சீர்கேட்டை எதிர்த்து எலூயிஸ் கோபெல் 1996இல் தொடுத்த வழக்கு, 2009இல் 340 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

செய்ய வேண்டியது வேறு. வழக்காற்று மேய்ச்சல் எல்லைகளை சாப்டர் எனப்படும் உள்ளூர் ஆட்சி அலகுகளின் கூட்டங்களில் விசாரித்து, அண்டை வீட்டார் முன்னிலையில் எழுதிப் பதிய வேண்டும்; குத்தகை அதன்பிறகே எளிதாகும். இதற்கான சட்ட அடிப்படை நவாஹோ தேசத்திடமே உண்டு. 1991இல் நவாஹோ உச்ச நீதிமன்றம், நிலத்தை நேரில் பயன்படுத்துபவருக்கே மேய்ச்சல் அனுமதி சேர வேண்டும், அனுமதி துண்டுபடக் கூடாது என்று வழக்காற்றின் துணையோடு தீர்ப்பளித்தது. எழுதிப் பதிந்தால் வழக்காறு இறுகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் பதியாமல் விட்டதன் பலன் அரை மைல் வட்டத்துக்குள் இருக்கும் எவர் கையிலும் ஒரு தடையுரிமையாக நிற்கிறது.

மேற்குப் பகுதிக்கு அவசரம் அதிகம். 1966இல் இந்திய விவகாரப் பணியக ஆணையர் ராபர்ட் பென்னெட் பிறப்பித்த தடையால் சுமார் 15 லட்சம் ஏக்கரில் வீடு கட்டுவதும் பழுது பார்ப்பதும்கூட 2009 வரை முடங்கிக் கிடந்தன. அத்தனை ஆண்டுகளில் அங்கே சேர வேண்டிய குத்தகைப் பதிவுகள் சேரவே இல்லை. தடைக்கு முன் அந்த மண்ணில் மந்தை ஓட்டியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். யார் மேய்ச்சல் எதுவரை என்பதற்கு அவர்கள் சொல்லே மூலச்சான்று. முதல் விசாரணைகள் அவர்களிடமிருந்தே தொடங்கப்பட வேண்டும்.