இறம்பொடையிலிருந்து இராமேசுவரம் வரை: மலையக மக்களின் விண்ணப்பமும் காத்திருப்பும்

புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் புறப்பாட்டையும் போய்ச் சேர்தலையுமே கவனத்திற் கொள்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம், அதாவது விண்ணப்பப் பத்திரத்தைக் கையளித்துவிட்டு முடிவை எதிர்பார்த்திருக்கும் காலம், வெறும் நிர்வாகத் தாமதமாகவே கணிக்கப்படுவதுண்டு. இன்று கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ செல்ல விரும்பித் தொழிற்றிறன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் சில மாதங்களோ சில ஆண்டுகளோ காத்திருக்க நேரிடுகின்றது. அக்காலத்தில் அவர் நிலம் வாங்கத் தயங்குவார், திருமணத்தைத் தள்ளிப்போடுவார், புதிய பொறுப்புகளை ஏற்க மாட்டார். ஆயினும் அவருக்கு ஒரு நாடு உண்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அவர் அந்நாட்டின் பிரசையாகவே தொடர்வார். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தமிழருக்கு அந்த உறுதிப்பாடு இருக்கவில்லை. எந்நாட்டின் பிரசையும் அல்லாத நிலையிலேயே அவர்களுட் பெரும்பாலோர் காத்திருந்தனர். அக்காத்திருப்பு ஒரு தலைமுறையைக் கடந்து நீண்டது. அது தற்செயலாக நேர்ந்ததன்று. சட்டங்களும் உடன்படிக்கைகளும் வகுக்கப்பட்ட முறையிலிருந்தே விளைந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

தகரச் சீட்டும் துண்டும்

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், நீர்வீழ்ச்சியாற் பெயர்பெற்ற ஊர் இறம்பொடை. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்களாயின. அயலிலுள்ள புசல்லாவையின் றொத்சைல்ட் தோட்டத்தில் 1841 இலேயே தேயிலைக் கன்றுகள் பரீட்சார்த்தமாக நடப்பட்டன. எனினும் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கியமையும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தமையுமே தேயிலையின் பரவலுக்கு வழிவகுத்தன.

இம்மாற்றம் தொழிலாளரின் வாழ்க்கை முறையையும் மாற்றியது. கோப்பி, பருவத்துக்குரிய அறுவடைப் பயிர். பறிப்பு முடிந்ததும் தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர். தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் நிலையாகத் தங்கும் மக்கட் கூட்டம் தேவைப்பட்டது. மலையக மக்கள் இலங்கையின் நிரந்தர வாசிகளாகியமைக்குத் தேயிலையின் இவ்வியல்பே அடிப்படைக் காரணம் எனலாம்.

இம்மக்களின் நடமாட்டம் தொடக்கம் முதலே சீட்டுகளால் ஆளப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர், சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்த தகரச் சீட்டை அணிந்தே பயணம் செய்தனர். அவர்கள் மண்டபத்திலிருந்த தடுப்பு முகாமில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்ட பின்னரே கடல் கடந்தனர். தோட்டத்திற்கு வந்தபின் ‘துண்டு’ அவர்களைப் பிணித்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்க்கப்படின் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அதுவின்றி வேறு தோட்டத்திற் பேர் பதிய முடியாது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் பிறர் எழுதித் தரும் சீட்டுக்காகக் காத்திருக்கும் நிலை அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

ஐந்தாம் திகதி ஆவணி

1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் 7,80,589 பேர்; நாட்டின் மொத்தச் சனத்தொகையில் ஏறத்தாழ 11.7 வீதத்தினர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. நுவரெலியாத் தொகுதியில் சௌ. தொண்டமான் தெரிவானார். அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், சட்டத்துக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும் என விதித்தது. லயங்களிற் பிறந்த முன்னோரின் பிறப்பை எழுத்தில் நிறுவுவது பெரும்பாலோர்க்கு இயலாததாயிற்று. 1949 இல் தேர்தற் சட்டத்திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், பதிவின்மூலம் பிரசையாகும் வழியொன்றைத் திறந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்திருக்கவேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பின்னர் விண்ணப்பிக்குமாறு மக்களைத் தூண்டியது. இதனால் 1951 ஆவணி 5 ஆம் திகதியாகிய இறுதி நாளை அண்டியே விண்ணப்பங்கள் குவிந்தன. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய அவ்விண்ணப்பங்களின் பரிசீலனை 1960களின் தொடக்கம் வரை நீடித்தது. முடிவிற் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. தாய்நாட்டைப் பார்த்துவர ஒரு தடவை ஓராண்டுக்கு மேல் தமிழகத்தில் தங்கியிருந்தால், அதுவே வசிப்புத் தொடர்ச்சியை முறித்துவிடும். தோட்டப் பதிவேட்டில் பேர் மாறி எழுதப்பட்டிருந்தாலோ, அதனை நேர்செய்யும் ஆவணம் தொழிலாளியிடம் இருக்கவில்லை.

ஏழுக்கு நான்கு

நிராகரிக்கப்பட்டோரை இந்தியா தன் பிரசைகளாக ஏற்கவில்லை; இலங்கையும் ஏற்கவில்லை. 1954 இல் நேருவும் கொத்தலாவலையும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. பத்தாண்டுகளின் பின், 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும், அவரவர் இயற்கைப் பெருக்கத்துடன், 15 ஆண்டுகளில் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட 1974 இல் இணங்கின. எண்ணிக்கைகள் முதலில் முடிவாயின. எவர் எந்நாட்டவர் என்பது பின்னரே ஆராயப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களின் கருத்துக் கேட்கப்படவில்லை.

ஒப்பந்தத்தின் ஒரு விதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. இந்தியா செல்வதும் இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதும் இயன்றவரை ஒரே விகிதத்தில் முன்னேறவேண்டும் என்பதே அது. அவ்விகிதம் ஏழுக்கு நான்கு. அதன் நடைமுறைப் பொருள் யாதெனில், ஏழு பேரின் கணக்கு ஒருபுறம் நிறைவேறினாலன்றி மறுபுறம் நால்வரின் கணக்கு நகராது என்பதாகும். ஒருவரின் தகுதி மட்டும் அவருடைய விண்ணப்பத்தின் முடிவைத் தீர்மானிக்கவில்லை; முன்பின் அறியாத பிறரின் பயணமும் அதனைத் தீர்மானித்தது. இந்தியாவுக்கு விண்ணப்பித்தவரின் தாமதம் இலங்கையை நாடியவரின் தாமதமாயிற்று. ஒரே லயத்தில் வாழ்ந்தோர் ஒருவர் காத்திருப்புக்கு மற்றவர் காரணமாக வைக்கப்பட்டனர்.

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967 இல் நிறைவேறியது. அதே 1967 இல் கனடா, குடியேற விரும்புவோரின் கல்வி, தொழில், வயது, மொழியறிவு முதலியவற்றுக்குப் புள்ளியிட்டுத் தெரியும் முறையை அறிமுகப்படுத்தியமை ஒப்புநோக்கற்பாலது. அங்கு ஒருவரின் திறன் எடைபோடப்பட்டது. இங்கோ தலைமுறை தலைமுறையாகக் கவ்வாத்தும் கொழுந்தெடுப்பும் கற்றுத் தேர்ந்த கைகளின் திறன் எந்தப் படிவத்திலும் தகுதியாகக் கொள்ளப்படவில்லை.

காத்திருப்பின் ஒழுங்கு

1970 இல் விண்ணப்பங்கள் ஏற்பது முடிவடைந்தபோது இலங்கைப் பிரசாவுரிமையை நாடியோரே கூடுதலாக இருந்தனர். ஆனால் நிலைமைகள் அவர்களுட் பலரின் மனத்தை மாற்றின. 1973–74 காலத்து உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைத்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் கைமாறியபோது பல இடங்களிற் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1977 இலும் 1981 இலும் இனவன்செயல்கள் நிகழ்ந்தன. சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளை நாடினர். சிலர் இந்தியப் பயணத்துக்கு ஆயத்தமாயினர்.

அப்பயணத்துக்குரிய படிகள் பல. முதலில் இந்தியப் பிரசையென ஏற்கப்பட்டு இந்தியக் கடவுச்சீட்டுப் பெறவேண்டும். அது கையிற் கிடைத்ததும் அவர் இலங்கையில் அந்நியராவார். தாம் பிறந்த தோட்டத்திலேயே தங்குவதற்கு அவருக்கு வதிவிட விசா தேவைப்பட்டது. பயண முறை வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறுமாறு அறிவித்தல் வரும். ஊழியர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பெறவேண்டும்; அவற்றை எடுத்துச் செல்லச் செலாவணிக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என 1964 ஒப்பந்தம் உறுதியளித்திருந்தது. இந்தியத் தரப்பிலிருந்து, மறுவாழ்வுத் திட்டம் குறிக்கப்பட்ட குடும்ப அட்டை கிடைக்கவேண்டும். இவற்றுள் ஒன்று தாமதித்தாலும் பயணம் தள்ளிப்போகும்.

இக்காலத்தின் பாதிப்பு இருவகையினது. முதலாவது, உரிமைகள் சார்ந்தது. பிரசையல்லாதவர் வாக்களிக்க முடியாது. அரசாங்க உத்தியோகம் பெற முடியாது. அரச குடியேற்றத் திட்டங்களிற் காணி பெற முடியாது. 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்லவிருந்தவர் தம் தோட்டவேலையைப் பயண நாள் வரை, அன்றேல் 55 வயது வரை, எது முந்துகிறதோ அதுவரை செய்யலாம். இரண்டாவது, குடும்பம் சார்ந்தது. பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான பிள்ளைகள் மறு நாட்டுக்கும் விண்ணப்பித்திருந்த குடும்பங்களில், விண்ணப்பத்தின் வெற்றியே பிரிவுக்குக் காரணமாயிற்று. இறம்பொடைத் தோட்டத்தவர் கம்பளைக்கு இறங்கியோ நானுஓயாவுக்கு ஏறியோ புகைவண்டி பிடித்து, பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடையவேண்டும். வழியனுப்ப வந்தோரின் அழுகுரலால் அவ்வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

கரையேறிய பின்னர்

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. அங்கிருந்து அவர்கள் அழைத்துச் செல்லப்பட்ட இடம் மண்டபம் முகாம். பாட்டன்மார் மலைநாடு செல்லுமுன் பரிசோதிக்கப்பட்ட அதே இடத்தில் பேரர்கள் மறுவாழ்வுக்காகக் காத்திருந்தனர். தமிழக அரசு அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என அழைத்தது. ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் இலங்கையிற் பிறந்தவர்கள். அக்கம்பக்கத்தார்க்கு அவர்கள் ‘சிலோன்காரர்’.

தமிழக அரசு இவர்களுக்காக நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அவையே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தன. 1969 இல் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கியாகிய ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது. பர்மாவிலிருந்து வந்தோரும் அதன் பயனாளர்களாயினர். ஆயினும் தோட்டவேலை கிடைத்தவர் சிறுபான்மையினரே. பெரும்பாலோர்க்கு வியாபாரக் கடனே மறுவாழ்வாக வழங்கப்பட்டது. தராசு பிடித்தறியாத தொழிலாளி கடைவைத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. கடன்தொகை கரைந்ததும் பலர் மலைகளைத் தேடி நீலகிரிக்கே சென்றனர். விண்ணப்பம் கவனிக்காத திறனை, வயிறு நினைவூட்டியது.

முடிவுரை

1981 ஒக்டோபரில் ஒப்பந்தத்தின் காலம் முடிவடைந்தது. 1983 வன்செயல்களையும் போரையும் அடுத்து 1984 இல் கப்பற்சேவை நின்றது. இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்குள் இந்தியா சென்றிருந்தனர். இந்தியக் கடவுச்சீட்டுடன் இலங்கையிலேயே தங்கிப்போனோரும், முடிவு தெரியாத விண்ணப்பங்களையுடையோரும் பல்லாயிரவர். 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இந்தியாவுக்கு விண்ணப்பியாதோரின் நிலையைத் தீர்த்தன. இந்தியாவுக்கு விண்ணப்பித்து எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே வழி செய்தது.

இக்கால அளவை ஓர் உயிரின் வயதாற் கணித்தல் பொருந்தும். பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பரில் இறம்பொடை லயமொன்றிற் பிறந்த குழந்தைக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது வயது 15. ஒப்பந்தம் முடிவடைந்தபோது 32. தந்தை இந்தியாவுக்கு விண்ணப்பித்துப் பயணம் வாய்க்காதிருந்தால், 2003 இல் பிறந்த நாட்டின் பிரசையாகும்போது அதற்கு வயது ஏறத்தாழ 55. அந்த 55 வயதே, தோட்டவேலைக்கு 1964 ஒப்பந்தம் விதித்த எல்லை. உழைப்புக்காலம் முழுவதும் காத்திருப்பாகவே கழிந்தது.

தமிழக முகாம்களில் அகதிகளாகத் தங்கிய மலையக வம்சாவளியினரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 இல் பணிக்கவேண்டியிருந்தமை, இவ்வரலாறு கடலின் இக்கரையில் மட்டும் முடிவடையவில்லை என்பதைக் காட்டும். விண்ணப்பதாரர் காத்திருக்கும் காலத்தில் அவருடைய உழைப்பைப் பெறும் நாடு, அக்காலத்துக்குரிய உரிமையையும் அவருக்கு வழங்கக் கடமைப்பட்டது. மலையக மக்களின் வரலாறு புலம்பெயர்வுச் சட்டங்களை வகுப்போர்க்கு விடுக்கும் செய்தி இதுவேயாகும்.