ஒரு வருஷம் பார்க்கலாம்: கமலா போட்ட விண்ணப்பம்

போன வருஷம் பயோமெடிக்கல் பிஎச்.டி-க்கு அப்ளை பண்ணினேன். மார்க்‌ஷீட், மூணு பேராசிரியர்களோட சிபாரிசுக் கடிதம், ஏன் ஆராய்ச்சிக்கு வர்றேன்னு ரெண்டு பக்கக் கட்டுரை, எல்லாம் ரெடி. ஒரு இன்டர்வியூல புராஜெக்ட் பத்தி நாலு கேள்வி கேட்டாங்க. அஞ்சாவதா ஒருத்தர், "கல்யாணம் ஆயிட்டா ராத்திரி லேப்ல இருக்க வீட்ல விடுவாங்களாம்மா?"ன்னார். ஏதோ சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன். திரும்பி வர்ற ரயில்லதான் கமலா ஞாபகம் வந்தது.

1933, பம்பாய். கமலா பாகவத் வேதியியலும் இயற்பியலும் படிச்சு, பி.எஸ்சி மெரிட் லிஸ்ட்ல முதலா வந்தவங்க. அவங்க அப்பாவும் அப்பாவோட சகோதரரும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல படிச்ச வேதியியலாளர்கள். கமலாவும் அங்கேயே விண்ணப்பம் போட்டாங்க. மார்க் இருக்கு, குடும்பத்துக்குத் தெரிஞ்ச இடம். கிடைக்காம போகும்னு யார் நினைப்பாங்க?

பதில் வந்தது. இடம் இல்லை. காரணம், அவங்க பெண்.

அப்படிச் சொன்னவர் அப்போதைய இயக்குநர் சர் சி.வி. ராமன். திருச்சியில பிறந்தவர், 1930-ல நோபல் வாங்கினவர். பாடப்புத்தகத்துல பார்த்துப் பெருமைப்பட்ட முகம். அதனால இதைச் சொல்ல எனக்கே சங்கடமாத்தான் இருக்கு.

கமலா அதோட விடலை. நேரா பெங்களூர் போனாங்க. ஒரு பெண்ணுங்கிறதால மட்டும் எப்படி மறுக்கலாம்னு கேட்டாங்க. காந்தி காலம் இல்லையா, இடம் கொடுக்கிற வரைக்கும் சத்தியாக்கிரகம்னு நின்னாங்க. கடைசியில ராமன் இறங்கி வந்தார், ஆனா நிபந்தனைகளோட. முதல் வருஷம் முறையான மாணவியாச் சேர்க்க மாட்டோம். வழிகாட்டி சொன்னா ராத்திரியிலும் வேலை செய்யணும். அப்புறம், லேப்ல இருக்கிற ஆண்களோட கவனம் சிதறக்கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையை இன்னொரு தடவை படிங்க. யாரோ ஒருத்தருக்குக் கவனம் சிதறினா, அதுக்கு கமலா பொறுப்பு!

கமலா ஒத்துக்கிட்டாங்க. அவமானமா இருந்துச்சுன்னு வயசான காலத்துலயும் வெளிப்படையாச் சொல்லியிருக்காங்க. ஸ்ரீனிவாசய்யாங்கிற ஆசிரியர்கிட்ட பால், பருப்பு வகைகள்ல இருக்கிற புரதங்களை ஆராய்ச்சி பண்ணாங்க. ஏழைக் குழந்தை என்ன சாப்பிட்டா உடம்பு தேறும்ங்கிற கேள்விக்கு அடிப்படையான வேலை அது. ஒரு வருஷம் கழிச்சு ராமன் அவங்களை முறையா ஏத்துக்கிட்டார். மற்ற பெண்களுக்கும் கதவு திறந்தது. பின்னால அன்னா மணி ராமனோட லேப்லயே ஆராய்ச்சி பண்ணாங்க. ஆனா எம்.எஸ்சி இல்லைங்கிற காரணத்தால சென்னைப் பல்கலைக்கழகம் அன்னா மணிக்கு பிஎச்.டி கொடுக்கலை. உள்ள போறது ஒரு போராட்டம்னா, பட்டம் வாங்குறது இன்னொரு போராட்டம்.

1936-ல எம்.எஸ்சி முடிச்ச கமலா, கேம்பிரிட்ஜ் போனாங்க. வைட்டமின் ஆராய்ச்சிக்கு நோபல் வாங்கின ஹாப்கின்ஸ் இருந்த உயிர்வேதியியல் துறை. அங்க ராபின் ஹில்கூட வேலை செய்யும்போது, உருளைக்கிழங்குல தொடங்கி, தாவர செல்கள்ல 'சைட்டோகுரோம் சி' இருக்குறதைக் கண்டாங்க. செல் சுவாசிக்கும்போது எலக்ட்ரானைக் கைமாத்தி விடுற புரதம் அது. ஆய்வேடு மொத்தமே நாற்பது பக்கம்தான். 1939-ல பிஎச்.டி. அறிவியல்ல பிஎச்.டி வாங்கின முதல் இந்தியப் பெண்ணா அவங்களைத்தான் சொல்றாங்க. இதுல ஒண்ணு கவனிங்க: அதே கேம்பிரிட்ஜ், பெண்களுக்கு முழு உரிமையோட பட்டம் கொடுத்தது 1948-லதான். பெங்களூரை மட்டும் குறை சொல்லி என்ன பண்றது?

இந்தியா திரும்பினதும், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில கொஞ்ச நாள். அப்புறம் நம்ம குன்னூர்ல இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம். அதுதான் பின்னால ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா மாறினது. கல்யாணத்துக்கு அப்புறம் கமலா சோஹோனியா மும்பைக்குப் போய், பனை வகை மரங்கள்ல இறக்குற நீராவோட சத்தை ஆராய்ச்சி பண்ணினாங்க. கல்யாணம் ஆச்சு, லேபும் ஓடுச்சு.

இந்த வருஷம் நான் மறுபடி அப்ளை பண்றேன். கட்டுரையைத் திருத்தியாச்சு. அந்த அஞ்சாவது கேள்வி திரும்ப வந்தா, "வெளியில காத்துட்டு இருக்கிற பசங்ககிட்டயும் இதைக் கேட்டீங்களா சார்?"னு கேட்கிறதா இருக்கேன். என்ன ஆச்சுன்னு இன்னொரு எபிசோட்ல சொல்றேன்.