காற்றின் சிறு வாயில்

மிதிவண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சக்கரத்தையும் சங்கிலியையும் விரிவாகப் பேசியிருக்கின்றனர். காற்று நுழையும் சிறு வாயிலாகிய வால்வைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஆயினும், டியூப் இல்லாத டயர்களுடன் மலைப்பாதையில் ஓடும் மிதிவண்டிக்கு எந்த வால்வு, எந்த சீலண்ட் என்ற கேள்வி எழும்போது நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

காற்றடைத்த டயருக்கு 1845இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். உலகம் அவரை மறந்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் 1888இல் அதற்கே மீண்டும் காப்புரிமை பெற்றுப் புகழடைந்தார். அடைத்த காற்றை வெளியேறாமல் காப்பது எவ்வாறு? நம்மூர் மிதிவண்டிக் கடைகளில் நாம் 'வால் டியூப்' என்று கேட்டு வாங்கிய ரப்பர்க் குழாய் அதற்கு அக்காலம் தந்த ஒரு விடை. வேறு இரு விடைகள் 1893இல் காப்புரிமை பெற்றன. ஒன்று அமெரிக்காவின் ஷ்ரேடர் வால்வு. இன்று கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் இருப்பது. மற்றொன்று பிரான்சின் ஸ்கிளாவராண் வால்வு. இன்று பிரெஸ்டா என வழங்குவது. முன்னதற்கு ரிம்மில் 8 மி.மீ. துளை வேண்டும், பின்னதற்கு ஏறத்தாழ 6.5 மி.மீ. போதும். குறுகலான பந்தய ரிம்கள் பிரெஸ்டாவை விரும்பியதற்கு இது ஒரு காரணம்.

1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டிக் குன்றுகளில் இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளில் பாய்ந்திறங்கியதிலிருந்து மலை மிதிவண்டி உருவாயிற்று. கல்லில் மோதும்போது டியூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரு துளைகள் விழும். அதற்கு அஞ்சிக் காற்றை மிகுத்தால் பிடிப்புக் குறையும். இந்த இக்கட்டைத் தீர்க்க மாவிக் நிறுவனம் ஹட்சின்சன், மிஷெலின் நிறுவனங்களோடு இணைந்து 1999இல் டியூப் இல்லாச் சக்கரத்தைக் கொணர்ந்தது. தொடர்ந்து ரப்பர்ப்பால் கலந்த சீலண்ட் பரவியது. முள் குத்தினால், வெளியேறும் காற்று திரவத்தைத் துளைக்கு இழுத்துச் செல்கிறது. ரப்பர்ப்பாலும் அதில் மிதக்கும் துகள்களும் அங்கே உறைந்து அடைக்கின்றன.

சிக்கல் இங்கேதான். காற்றுக்காக மட்டுமே வகுக்கப்பட்ட 1893ஆம் ஆண்டு வாயில், இன்று உறையும் திரவத்துக்கும் வழிவிட வேண்டியிருக்கிறது. முள்துளையை அடைக்கும் அதே குணம் பிரெஸ்டாவின் மெல்லிய வழியையும் அடைத்துவிடுகிறது. ஆகவே, உட்கோரைக் கழற்றத்தக்க வால்வே தேர்வுக்குரியது; கோரைக் கழற்றினால் சிரிஞ்சால் சீலண்ட் ஊற்றலாம், அடைபட்டால் அதை மட்டும் மாற்றலாம். அடியிலுள்ள ரப்பர் ரிம்மின் பள்ளத்தோடு பொருந்த வேண்டும்; தண்டு ரிம்மின் உயரத்தைக் கடந்து பம்பு பற்றும் அளவுக்கு நீள வேண்டும். பெரிய துகள்கள் கொண்ட சீலண்ட் பெரிய துளையை அடைக்கும். ஆயின் வால்வு வழியே ஊற்ற இயலாது, டயரின் விளிம்பைத் திறந்தே ஊற்ற வேண்டும். எதுவாயினும் சில மாதங்களில் உலர்ந்துவிடும். மீண்டும் ஊற்றுவது கடமை.

வால்வின் வெளித்திருகைக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். குறடு கொண்டு இறுக்கிவிட்டு, சீலண்டால் அடைபடாத கிழிசலோடு காட்டில் நிற்பவர், மாற்று டியூப் கையிலிருந்தும் வால்வைக் கழற்ற இயலாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே மலையிறங்க நேரும். வால்வின் வண்ணத்தையும் எடையையும் பார்த்து வாங்கும் நாம், அது கழற்றத்தக்கதா என்பதை முதலில் பார்ப்பது நலம்.